டாக்டரின் ஒற்றைப் பாட்டுப் பெட்டி

பஸ் டிப்போவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, நமக்கும் அதற்கும் ராசியில்லை என்று கைகழுவிய டாக்டர். முப்பத்தோரு வருஷமாக மெக்கானிக். முழ நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். ஓடுகிற எஞ்சினில் அதன் முனையை ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம் போகும். "தண்ணி பம்ப் பேரிங் போகப் போகுது. இன்னும் பத்து நாள் தாங்கும்," என்பார். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ அது போகும். பட்டம் வந்த வழி இதுதான். காலையில் டிப்போவை விட்டுக் கிளம்பும் பதினெட்டு வண்டிகளையும் இப்படிக் கேட்டுவிட்டு, ஓடத் தகுதி உண்டு என்ற தாளில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் எந்த டிரைவரும் சாவியைக் கையில் வாங்கமாட்டார்.

நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலில் நின்றுவிட்டு வரும் மனுஷனுக்கு வீட்டில் நிம்மதியான மௌனம் வேண்டும் என்று நாம் நினைப்போம். அவருக்குப் பாட்டுத்தான் வேண்டும். நாலரைக்கு ஷிப்ட் முடியும். சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரை கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, நெரிசலில் தொங்கிக்கொண்டு ஐந்தேகாலுக்கு வீடு வந்து சேர்வார். மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள், ஆறரைக்குத்தான் வருவாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் நாலு வருஷமாகிறது. இடுப்பு விட்டுப்போய், கால் வீங்கி, பேசவும் தெம்பில்லாமல் நாற்காலியில் விழுகிற அந்த ஒன்றே கால் மணி நேரம்தான் ஒரு நாளில் அவருக்கென்று மிச்சமிருப்பது.

அதற்காக அவரே ஒரு பெட்டி செய்துவைத்திருந்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கேட்டவர்களிடமெல்லாம் அவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பழைய சாமான் கடையில் எடுத்த எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்று. கியர் பாகங்கள் வந்து இறங்கிய ஒட்டுப்பலகையை அறுத்துச் செய்த பெட்டி. உள்ளே, பெட்டி அதிராமல் இருக்க ஒரு தலையணைப் பஞ்சு. உள்ளங்கையளவு ஆம்ப்ளிஃபயர் போர்டு, அதற்கு ஒரு அடாப்டர். பாட்டுக்கு, மகள் விட்டுப்போன கண்ணாடி விரிசல் விட்ட செல்போன். அதன் கார்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. முன்பக்கம் ஒரே ஒரு குமிழ், சத்தத்தைக் கூட்டக் குறைக்க. எல்லாம் சேர்த்து ஒரு ஜோடி நல்ல ஷூவின் விலைகூட ஆகவில்லை. ஸ்பீக்கர் ஏன் ஒன்றுதான் என்று கேட்டால், "ஒரு வாய் போதும். ரெண்டு வாய் இருந்தா எது பேச்சைக் கேக்குறது?" என்பார். விரலுக்கேத்த வீக்கம் என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சி அவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஆறு மாதச் சம்பளத்தைக் கொட்டி மச்சான் வாங்கிய சிஸ்டத்தில் ஆறு பெட்டிகள், மூன்று ரிமோட்கள். எந்த ரிமோட் எதற்கு என்பது மச்சானுக்கே பாதிதான் தெரியும். அங்கே பாட்டுக் கேட்கப் போகிறவர் சோபாவில் நடு இடத்தில்தான் உட்கார வேண்டும், அரை அடி நகர்ந்தாலும் மச்சானுக்கு முகம் வாடிவிடும். டாக்டர் திரும்பி வரும்போதெல்லாம் மனைவியிடம், "பாட்டுக் கேக்கப் போனமா, எக்ஸ்ரே எடுக்கப் போனமா?" என்று கேட்பார். பிளக்கைச் சொருகினால் பாடும், பிடுங்கினால் நிற்கும் பெட்டியோடு ஆறு வருஷம் அவர் சந்தோஷமாக இருந்தார். இப்படி ஒரு திருப்தி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வம்பு ஒரு மணிச் சத்தத்தில் ஆரம்பித்தது. கார்டில் அறுபத்தேழாவது பாட்டு. இரண்டாம் சரணம் தொடங்கும் முன் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, யாரோ ஒருவர் சின்ன மணி ஒன்றை மூன்று தடவை தட்டுவார். மேஜையில் ஊசி விழுந்த மாதிரி இருக்கும். பாட்டு எழுதியவரையும் பாடியவரையும் உலகம் கொண்டாடிக்கொள்ளட்டும், டாக்டருக்கு அந்த மணி தட்டியவர்தான் பெரிய ஆள். ஒரு சாயங்காலம் அந்த இடம் வந்தது, மணி வரவில்லை. வாத்தியங்கள் ஓய்ந்தன, ஒரு வெற்றிடம், பிறகு சரணம். டாக்டர் பாட்டைத் திருப்பி வைத்தார். மறுபடியும் வெற்றிடம்தான்.

பெட்டியில் கோளாறு என்று அவர் முடிவு செய்தார். மெக்கானிக் புத்தி வேறு எங்கே போகும்? கோளாறு தேடுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. டிப்போவில் எல்லோருக்கும் அதைச் சொல்லிச் சலித்திருக்கிறார்: "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. ரெண்ட மாத்திட்டா குத்தம் எதுலன்னு ஆயுசுக்கும் தெரியாது. எல்லாத்தையும் மாத்தியும் சத்தம் போகலேன்னா, எதை மாத்தலையோ அதுலதான் குத்தம்." அந்தப்படியே முதல் வாரம் ஒயரை மாற்றினார். மணி இல்லை. அடுத்த வாரம் அடாப்டர். இல்லை. பிறகு போர்டு. பிறகு ஸ்பீக்கரையே மாற்றினார். அது புத்தம் புதிது, கடையில் சீல் பிரிக்காதது. மணி வரக் காணோம்.

ரேடியோ கடைக்காரர் நல்ல மனுஷன். பெட்டியைத் தன் மேஜையில் வைத்து, அறுபத்தேழாவது பாட்டைப் போட்டுக் கேட்டார். "கேக்குதே அண்ணே. டிங் டிங் டிங்னு மூணு தடவை. நல்லாத்தான் இருக்கு."

"எங்கய்யா இருக்கு? யாருக்குக் காது குத்துற?"

கடைக்காரர் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, உச்சஸ்தாயிச் சத்தங்களுக்கென்றே இருக்கும் ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரை எடுத்துப் பெட்டியின் நெற்றியில் பொருத்திக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. டாக்டர் அதையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொண்டு வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தக் கதையைப் படிக்கிறவருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அந்தத் தெருவிலும் கொஞ்சம் பேருக்குப் புரிந்திருந்தது. சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் புரியவில்லை, அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. தலைவலி வந்தால் தலையைச் சந்தேகிக்கலாம். முப்பத்தோரு வருஷம் சோறு போட்ட காதைச் சந்தேகிக்க ஒரு மனுஷனுக்கு எப்படித் தோன்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டில் சாப்பாடு. டாக்டர் சட்டைப் பையில் கார்டைக் கொண்டுபோயிருந்தார். சாப்பிட்டு முடித்ததும், "உங்க சிஸ்டத்துல இந்தப் பாட்டைக் கொஞ்சம் போடுங்க மாப்ள," என்றார். மச்சானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருஷமாக ஏளனம் செய்தவர் தானாகவே வந்து நடு சோபாவில் உட்காருகிறாரே. மூன்று ரிமோட்டையும் அமுக்கிப் பாட்டைப் போட்டார். வாத்தியங்கள் ஓய்ந்தன. டாக்டர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். சரணம் வந்தது.

"பாத்தீங்களா, உங்க ஆறு பெட்டியிலயும் மணி இல்ல," என்றார் டாக்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அப்போ கார்டுலதான் கோளாறு. என் பெட்டி மேல தப்பே இல்ல."

மச்சான் மனைவி வெள்ளை மனசுக்காரி, "இப்பதானே மணி அடிச்சுது," என்று ஆரம்பித்தாள். மச்சான் அவள் காலை மிதித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டுத் தட்டுகளை எடுக்க எழுந்தாள். டாக்டரின் மனைவி அவசரமாக, "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பலாமா?" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் டாக்டர் புதுக் கார்டு எங்கே வாங்குவது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை புதுக் கார்டு வாங்கிப் பாட்டை ஏற்றிப் போட்டார், அதிலும் மணி இல்லை. புதனன்று, பதினொன்றாம் நம்பர் வண்டி வழியில் நின்றது.

தண்ணி பம்ப் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, எஞ்சின் கொதித்துவிட்டது. நிழலே இல்லாத சாலையில் அறுபது பேர் இரண்டு மணி நேரம் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள் என்றும், டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை அவளுக்குக் கொடுத்தார் என்றும் வண்டியை இழுத்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்று காலை ஆறு மணிக்கு அதே பம்ப்பில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கேட்டுவிட்டு, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாயங்காலம் அந்தப் பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். உள்ளே குண்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன, ஓடுபாதை சொரசொரவென்று பெயர்ந்திருந்தது. இது ஒரே நாளில் வந்த கேடு அல்ல. பத்து நாளாவது, கொசு மாதிரி மெல்லிசாகக் கத்தியிருக்க வேண்டும். பத்து நாளும் காலையில் அவர் அதைக் கேட்டிருக்கிறார். பத்து நாளும் அவருக்கு அங்கே எஞ்சினின் கனத்த சத்தம்தான் இருந்தது, அதற்கு மேலே ஒன்றுமில்லை. கிரீஸ் மட்டமாக இருந்திருக்கும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் பிளக்கைச் சொருகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் புதிது. அடாப்டர் புதிது. போர்டு, ஸ்பீக்கர், கார்டு எல்லாம் புதிது. போன் மட்டும் பழசு, ஆனால் மச்சான் வீட்டில் பாடியது இந்தப் போனே கிடையாது, அங்கேயும் மணி இல்லை. எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. எதை மாற்றவில்லையோ அதில்தான் குற்றம். ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம் அன்றைக்கு அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. அவர் கையைத் தூக்கி வலது காதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு இடது காதை. இன்றைக்குத் தண்ணி பம்ப், நாளைக்கு முன் சக்கரத்துப் பேரிங்காக இருந்தால் என்ற எண்ணம் வந்தது.

மனைவி ஆறரைக்கு வந்தாள். பையை வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு, வழக்கம்போல உரத்த குரலில், "டீ போடட்டுமா?" என்றாள்.

"எனக்குக் காது போச்சு," என்றார் டாக்டர்.

அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை அடித்தது.

"உனக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷமாச்சு. குக்கர் விசில் அடிச்சா நீங்க திரும்பறதில்ல. போன் அடிச்சாலும் நான்தான் ஓடி வர்றேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரேடியோ கடைக்காரர்கிட்ட நான்தான் போய், எதுவும் சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கை போச்சு கால் போச்சுன்னா சொல்லிடலாம். உங்ககிட்டப் போய் காது போச்சுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே ஓய்ந்தும் போனது. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் நாளைக்கு டிப்போவில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் டாக்டர் என்ற பெயர் போகும், இன்னும் இருக்கும் நாலு வருஷத்தை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கழிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் பதினெட்டு வண்டியும் அவர் கையெழுத்தை நம்பித் தெருவுக்குப் போகும். இது நியாயமா என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார்.

ஃபோர்மேன் அவரைவிடப் பத்து வயது சின்னவர். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து வண்டித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"பதினொண்ணாம் நம்பர் என் தப்பு. எனக்குக் காது சரியா கேக்கல. இனிமே நான் கையெழுத்துப் போடக் கூடாது."

ஃபோர்மேன் தாளைக் கீழே வைத்தார். "உக்காருங்கண்ணே."

"பரவால்ல."

"உக்காருங்க. யானைக்கும் அடி சறுக்கும்." ஃபோர்மேன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உங்க மேல மட்டும் தப்பு இல்ல. என் மேலயும் இருக்கு. எட்டு மாசமா டயர்காரர் தினமும் அஞ்சரைக்கே வர்றாரு. நீங்க பாத்து முடிச்ச வண்டிய, நீங்க அடுத்த வண்டிக்குப் போனதும் இன்னொரு தடவை பாப்பாரு. சந்தேகம் இருந்தா என்கிட்ட சொல்லுவாரு, நான் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டிய நிறுத்துவேன்."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். டயர் பிரிவுக்காரருக்கும் அவருக்கும் இருபது வருஷமாக ஏழாம் பொருத்தம். சொன்னதைக் கேட்காதவனிடமெல்லாம், 'செவிடன் காதுல ஊதுன சங்கு' என்று அந்த ஆள் வாய்க்கு வாய் சொல்வான். அந்த வார்த்தையை அவன் வாயில் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ பதினொண்ணாம் நம்பர்?"

"டயர்காரருக்குக் கடைவாய் ஈறு வீங்கிப்போச்சு. பத்து நாள் லீவு," என்றார் ஃபோர்மேன். "நான் வேற ஆள் போட்டிருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு போடல."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அவர் மறைக்கவில்லை. எட்டு மாதமாகத் தான் ராஜா மாதிரி நடந்து போன பாதையில், பின்னால் ஒருவன் குனிந்து குனிந்து வந்திருக்கிறான். தன் மனசு நோகக் கூடாது என்று ஒரு டிப்போவே அறுபது பேரை வெயிலில் நிறுத்தியிருக்கிறது. "அவன் வந்ததும் கையெழுத்து அவன் போடட்டும்," என்றார். "கேக்குறப்போ கண்ண மூடிக்கச் சொல்லுங்க. கண்ணு தொறந்திருந்தா பாதிதான் கேக்கும்." அந்த முழ நீள ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஃபோர்மேன் அதைத் தொடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றைய வண்டிகளை ஃபோர்மேனே கேட்டார், டாக்டர் ஸ்டோருக்கு நடந்து போனார்.

சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்து, நெற்றியில் இருந்த ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, ஓட்டையை ஒரு பலகைத் துண்டால் மூடினார். தனக்கு உதவாத ஒன்று எதற்கு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? பிளக்கைச் சொருகினார். ஆண் குரல் வந்தது, மத்தளம் வந்தது, அடியில் உறுமும் தந்தி வாத்தியம் வந்தது. பாட்டில் பாதிக்கு மேல் இன்னும் பத்திரமாகத்தான் இருந்தது. காதுக்கு வைக்கும் கருவி பற்றி மகள் போனில் சொன்னாள், பார்க்கலாம் என்றார். நாற்காலியில் சாய்ந்தபோது உடம்பு என்றைக்கும்போல வலித்தது.

மனைவி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றும்போதே கத்தலாக, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

அவர் முதன்முறையாக அந்தக் கத்தலைக் கவனித்தார். அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாளெல்லாம் கவுன்டரில் நூறு பேருக்கு மருந்து எத்தனை வேளை என்று சொல்லிச் சொல்லி அவள் குரல் ஏற்கெனவே கட்டிப்போயிருக்கும். வந்தபின் வீட்டிலும் ஒரு வருஷமாக அவள் கத்தியேதான் பேசியிருக்கிறாள். மாடி வீட்டுக்காரர்கள் படியில் பார்த்தால் ஏன் பாவமாகச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"ஸ்டோர்ல போட்டுட்டாங்க," என்றார். "நீ கத்தாத. தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"கத்தலேன்னா உங்களுக்குக் கேக்காதே."

அவர் எழுந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார், முழங்கால்கள் இடிக்கிற அளவுக்கு.

"நீ மெதுவாவே பேசு. நான் கிட்ட வந்து கேட்டுக்கறேன்."

ஒரு வருஷமாக அவள் தேவையானதை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாள், மற்றதைக் கத்திச் சொல்ல முடியாது. இப்போது தன் சொந்தக் குரலில், அன்று காலை கடைக்கு வந்த ஒரு கிழவர் மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.